எட்டு வீட்டில் என் கடிதம்

"ஏன் அண்ணி, அண்ணன் இன்னமும் காத்து மட்டும் வர்ற குழாய் மாதிரிதான் சிரிக்கிறாரா?"

பல் டாக்டர் இதைக் கேட்டபோது நான் ரத்தம் எடுத்த டியூப்களில் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். அவருடைய கிளினிக் எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கு நேர் மேலே, மாடியில். பல் பிடுங்குவதற்கு முன் நோயாளிகளை ரத்தப் பரிசோதனைக்கு எங்களிடம் அனுப்புவார். புதன்கிழமைகளில் ரிப்போர்ட்டுகளை வாங்கிக்கொள்ள அவரே இறங்கி வருவார். அன்றும் அப்படித்தான் வந்து, கவர்களைக் கையில் வாங்கிக்கொண்டு, இதைக் கேட்டுவிட்டு நின்றார்.

அந்த வாக்கியம் என்னுடையது. இருபத்து மூன்று வயதில் எழுதினேன், எழுதிய அன்றே அழித்தும் விட்டேன். உயிரோடு இருக்கிற எவரிடமும் சொன்னதில்லை.

"எங்க கேட்டீங்க இதை?" என்றேன்.

"கேக்கல அண்ணி, படிச்சேன். உங்க பழைய டிஸ்க்ல இருந்துச்சே. நீங்க அழிச்சிட்டீங்க, நான்தான் தோண்டி எடுத்தேன்." கிணற்றில் விழுந்த குழந்தையைத் தூக்கிக் கொடுத்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். "எட்டுப் பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். தப்பா எடுத்துக்காதீங்க. நல்லா எழுத வருது உங்களுக்கு."

கையிலிருந்த டியூபை ஸ்டாண்டில் வைத்துவிட்டேன். கவனம் சிதறும்போது பெயர்ச்சீட்டு ஒட்டினால் ஒருவர் ரத்தம் இன்னொருவர் பெயரில் போய்விடும்.

என் கணவருக்கு ஒரு பைத்தியம் உண்டு. பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்கள். கீபோர்டும் மெஷினும் ஒரே பெட்டியாக இருக்கும், டி.வி.யில் செருகித்தான் பார்க்க முடியும், அந்தக் காலத்து ரகம். அவரையும் மேல்மாடிப் பல் டாக்டரையும் சேர்த்து எட்டுப் பேர் சங்கம் வைத்திருக்கிறார்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் செயலாளர். தலைவர் என்று யாரும் கிடையாது, ஏனென்றால் எட்டுப் பேருமே தலைவர்கள். பழைய மெஷினின் முதுகில் ஒரு சின்ன டப்பாவைச் செருகுவார்கள். அதன் வழியாக அது மற்ற வீட்டுக் கம்ப்யூட்டர்களோடு பேசும். ஒரு வீட்டு ஃபைலை இன்னொரு வீட்டில் உட்கார்ந்து திறக்கலாம். நாற்பது வருஷக் கிழட்டு மெஷின் நேற்று வாங்கிய மெஷினோடு ஃபைல் பரிமாறிக்கொள்வதைப் பார்த்து எட்டுப் பேரும் கைதட்டுவார்கள். சீட்டாட்டத்துக்கு இது தேவலை என்று நானே பல பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டதும் நான்தான். போன மாதம் அம்மா வீட்டைக் காலி செய்தபோது பரணில் என் பழைய மெஷின் கிடைத்தது. அப்பா எனக்கு வாங்கிக் கொடுத்தது. பக்கத்திலேயே ஒரு டப்பாவில் பதினோரு ஃப்ளாப்பி டிஸ்குகள். துடைத்து, துணியில் சுற்றி, இவர் பிறந்த நாளுக்குக் கொடுத்தேன். மனிதருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. டிஸ்கில் என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியது எதுவும் அதில் இல்லை என்று நினைத்தேன், அழித்தவள் நான்தானே.

அந்த மெஷினில் அழிப்பது என்பது எவ்வளவு பெரிய ஏமாற்று வேலை என்று இந்தப் புதன்கிழமைதான் தெரிந்தது. பல் டாக்டரே ஆசையாக விளக்கினார். பட்டியலில் இருக்கிற ஃபைல் பெயரின் முதல் எழுத்தை மட்டும் மெஷின் அடித்துவிடுமாம். உள்ளே இருப்பதைத் தொடாதாம். அதன்மேல் வேறு எதையாவது எழுதும்வரை அது அப்படியே கிடக்குமாம். அந்த ஓர் எழுத்தைத் திரும்ப நிரப்பினால் முழுக் கடிதமும் எழுந்து உட்கார்ந்துவிடும். சங்கத்துக்கு வருகிற எந்த டிஸ்கையும், உள்ளே என்ன என்று பார்ப்பதற்கு முன்பே, அழித்தது அழிக்காதது எல்லாவற்றையும் சேர்த்து முழுசாக நகல் எடுக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. நகல் எட்டு வீட்டுக்கும் போய்விடும். ஒரு வீடு எரிந்தால் ஏழு வீட்டில் மிச்சம் இருக்க வேண்டுமாம்.

கடிதம் அப்பாவுக்கு எழுதியது. மெஷினில் தமிழ் கிடையாது, ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் தமிழை அடித்திருந்தேன். 'அப்பா, எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் ஒரு மணி நேரம் தன்னைப் பற்றியே பேசினார். காற்று மட்டும் வருகிற குழாய் மாதிரிச் சிரிக்கிறார். இவர் பக்கத்தில் இருந்தாலும் நான் தனியாகத்தான் இருப்பேன் என்று பயமாக இருக்கிறது.' இன்னும் பத்து வரி இருக்கும். எழுதி முடித்து இரண்டு முறை படித்தேன். பிறகு நானே யோசித்து, நானே முடிவு செய்து, நானே அழித்தேன். யாரும் என் கையை முறுக்கவில்லை. அடுத்த மாதம் கல்யாணம் நடந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். இவர் நான்கு நாட்களாக உம்மென்று இருந்தார். ரத்த அழுத்தமோ என்று நினைத்து உப்பைக்கூடக் குறைத்திருந்தேன்.

"படிச்சீங்களா?" என்றேன். எதை என்று அவர் கேட்கவில்லை.

"எட்டுப் பேர் படிச்சாச்சு. நான் படிச்சா என்ன, படிக்காட்டி என்ன." ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "முப்பத்து நாலு வருஷமா என்கிட்ட நடிச்சிருக்க."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. என் குப்பைத்தொட்டியைக் கிளறினது நீங்கள், நாறுகிறது என்று மூக்கைப் பிடித்துக்கொள்வதும் நீங்களா?

"அந்த டாக்டர் படிச்சுக் காட்டினப்ப நீங்க என்ன பண்ணீங்க?"

"சிரிச்சேன்."

"எப்படி?"

அவர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். அதன் பிறகுதான் பெரிய இடி வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு பள்ளிக்கூட ஹாலில் இவர்கள் கண்காட்சி. முன் மேஜையில் என் மெஷின். வருகிறவர்கள் உட்கார்ந்து எந்த ஃபைலை வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். 'அன்றைய ஒரு வீட்டுப் பெண்ணின் கம்ப்யூட்டர்' என்று அட்டைகூட எழுதி வைத்துவிட்டார்கள். பட்டியலில் முதலில் இருக்கிறது அந்தக் கடிதம். பார்க்கிறவர்களுக்கு அதுதான் சுவாரசியம் என்று செயலாளர் சொன்னாராம்.

"அதை எடுங்கன்னு நீங்க சொல்லலையா?"

"எடுங்கன்னு சொன்னா, அந்த ஆளு நான்தான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"அது எட்டுப் பேருக்கும் தெரியுமே."

"தெரியும். ஆனா நான் சொல்லலையே."

இந்த மூளையைத்தான் கண்காட்சியில் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அந்த நிமிஷமே செயலாளருக்குப் போன் போட்டேன். அவர் மிகவும் மரியாதையானவர். அந்த மரியாதை எரிகிற நெருப்பில் எண்ணெயாக விழுந்தது.

"அழிக்கிற பேச்சே கிடையாதும்மா. வந்தது எதுவும் போகக் கூடாது, அதுதான் எங்க முதல் விதி. உங்க பேரை எங்கயும் போடல. இது சரித்திரம், பாருங்க."

"நான் இன்னும் சாகலையே சார், அதுக்குள்ள எப்படிச் சரித்திரமாவேன்?"

"கோபப்படாதீங்கம்மா. இதுல வெக்கப்பட என்ன இருக்கு? அந்தக் காலத்துப் பொண்ணுங்க மனசு எப்படி இருந்துச்சுன்னு நாலு பேருக்குத் தெரியட்டுமே."

இருபத்தொன்பது வருஷமாக நான் ரிப்போர்ட்டுகளைக் கவரில் போட்டு ஒட்டிக் கொடுக்கிறேன். ஒருவர் சர்க்கரை அளவைப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொன்னதில்லை. வெட்கப்பட ஏதாவது இருப்பதால்தான் கவர் ஒட்டுகிறோம் என்று இந்தப் பெரிய மனிதரிடம் யார் சொன்னது? அவரவருடையது அவரவருக்கு. அவ்வளவுதான் விஷயம். இதைப் போனில் சொன்னேன். "யோசிச்சுப் பாக்கறேம்மா" என்று வைத்துவிட்டார். யோசிக்கப் போவதில்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

வியாழக்கிழமை லீவு போட்டேன். இவர் வெளியே போனதும் மாடி அறையில் என் மெஷின் முன் உட்கார்ந்தேன். யாரும் செய்யாவிட்டால் நானே அழித்துக்கொள்கிறேன் என்பதுதான் திட்டம். விரல்களுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. மற்ற வீடுகள் ஒவ்வொன்றும் ஓர் எழுத்தாக வந்தன: சி, டி, இ என்று. டி போட்டுக் கடிதத்தை அழிக்கச் சொன்னேன். முடியாது என்றது மெஷின். மற்ற வீட்டு ஃபைல்களைப் படிக்கலாம், கை வைக்க முடியாது. சரித்திரத்துக்கு அவ்வளவு பாதுகாப்பு.

அப்போதுதான் பட்டியலைச் சரியாகப் பார்த்தேன். அது சங்கத்து ஃபைல்களின் பட்டியல் இல்லை. அந்த வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த மொத்தமும் அது. போட்டோ, கடிதம், ரிப்போர்ட் எல்லாம் ஓடிக்கொண்டே இருந்தது. அடுத்த வீட்டைப் பார்த்தேன். அதுவும் அப்படியே. அலமாரியில் செயலாளர் அச்சடித்துக் கொடுத்த செய்முறைத் தாள் இருந்தது. இந்தப் பழைய மெஷின்களுக்குப் பாஸ்வேர்டு என்றால் என்ன என்றே தெரியாது, அதனால் பாஸ்வேர்டு போடாமல் திறந்து வையுங்கள் என்று ஏழாவது வரி. எந்த ஃபோல்டரைத் திறந்து வைப்பது என்பதற்கு உதாரணமாக, கம்ப்யூட்டர் முழுவதையும் குறிக்கிற எழுத்தைப் போட்டிருந்தார். உதாரணம் என்று யாருக்கும் தோன்றவில்லை. எட்டுப் பேரும் ஈயடிச்சான் காப்பி. டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் இன்ஜினியர் எழுதியதைத் திருத்துவதற்கு இவர்கள் யார்?

ஒரு ஃபைலையும் நான் திறக்கவில்லை. கவரைப் பிரிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் கவர்மேல் எழுதியிருப்பதைப் படிக்காமல் எப்படி இருக்க முடியும்? ஒரு நோட்டில் குறித்துக்கொண்டேன். என் கணவர் கம்ப்யூட்டரின் எழுத்து வந்தபோது அடுத்ததற்குத் தாவிவிட்டேன்.

சனிக்கிழமை மதியம் செயலாளர் வீட்டுக் கார் ஷெட்டில் ஒத்திகை. மெஷினை நானே மடியில் வைத்துக்கொண்டு காரில் போனேன். "நீ எதுக்கு வர்ற?" என்று இவர் இரண்டு முறை கேட்டார். என் மெஷின், என் டிஸ்க், நான் வருகிறேன் என்றேன். ஷெட்டில் எட்டு மெஷின்கள் வரிசையாக இருந்தன, கேபிள்கள் கொடி மாதிரித் தொங்கின. என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. பல் டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க அண்ணி. நாளைக்கு நீங்கதான் ஸ்டார்."

"உக்காரத்தான் வந்தேன்." என் மெஷினைச் செருகச் சொன்னேன். செருகினார்கள். "எப்படி வேலை செய்யுதுன்னு நான் ஒரு தடவை காட்டறேன். கண்காட்சிக்கு ஆகும்." சி போட்டேன். டி.வி.யில் பட்டியல் ஓட ஆரம்பித்தது. எட்டுப் பேரில் ஒருவரான டிரைவிங் ஸ்கூல்காரருடைய வீடு அது. உரக்கப் படித்தேன். "முடி நடவு. உள்ள முன்பக்கம், பின்பக்கம்னு நாற்பது போட்டோ."

டிரைவிங் ஸ்கூல்காரர் கை தானாகத் தலைக்குப் போனது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் அடுத்த எழுத்தைத் தட்டினேன்.

"இது ஜவுளிக்கடை சார் வீடு. 'அவளுக்கு'ன்னு ஒரு ஃபோல்டர். இருநூத்திப் பத்து ஃபைல். அவங்க பேரு உள்ள இருக்கும்போல, நான் திறக்கல."

இப்போது சிரிப்பு இல்லை. ஜவுளிக்கடைக்காரர் எழுந்து நின்று, பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்தார்.

"அடுத்தது டாக்டர். மன்னிப்பு ஒண்ணு, மன்னிப்பு ரெண்டு, அப்படியே ஒன்பது வரைக்கும். யாருக்கு டாக்டர்? நல்லா எழுத வந்துச்சா?"

பல் டாக்டர் முகம் வெளுத்தது. "அண்ணி, இது சரியில்ல. அதெல்லாம் பர்சனல்." பாய்ந்து போய்க் கேபிளைப் பிடுங்கினார். டி.வி. இருண்டது.

"திரும்பச் செருகுங்க," என்றேன். "வந்தது எதுவும் போகக் கூடாது, உங்க விதி. வெக்கப்பட என்ன இருக்கு? இந்தக் காலத்து ஆம்பளைங்க மனசு எப்படி இருக்குன்னு நாலு பேருக்குத் தெரியட்டுமே."

யாரும் செருகவில்லை. நானே எழுந்து செருகினேன். அந்த நேரம் பார்த்துச் செயலாளரின் மனைவி தட்டில் டீ எடுத்துக்கொண்டு வந்தார். அவர் கோப்பைகளை வைக்க வைக்க, டி.வி.யில் செயலாளர் வீட்டுப் பட்டியல் இறங்கியது. மூன்றாவது வரியில் இருந்தது அது. பயாப்ஸி ரிசல்ட். தேதி போன மாதத்தினுடையது. அதன் கீழே இன்னொன்று, 'வீட்டில் சொல்ல வேண்டாம்'. செயலாளர் டி.வி.யைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். அவர் மனைவி டி.வி. பக்கம் திரும்பக்கூட இல்லை. சர்க்கரை போதுமா என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

எனக்குச் செயலாளர்மேல் இருந்த கோபம் ஒரு துளி குறையவில்லை. ஆனாலும் அதை வாய்விட்டுப் படிக்காமல் அடுத்த எழுத்தைத் தட்டிவிட்டேன். "போதும்மா, சரியா இருக்கு," என்றேன். அந்தம்மா காலித் தட்டோடு உள்ளே போனார்.

செயலாளர் டி.வி.யை அணைத்தார். பிறகு, "எல்லாரும் வீட்டுக்குப் போங்க. அந்த லெட்டரை அழிச்சிட்டு எனக்குப் போன் பண்ணுங்க," என்றார்.

"அழிச்சாலும் திரும்ப எடுத்துடலாமே சார்," என்றார் பல் டாக்டர், பழக்க தோஷத்தில்.

"மேல எழுதி அழிங்க," என்றேன். "டிஸ்க் நிறைய ஏதாவது குப்பையை எழுதுங்க. மன்னிப்பு பத்துன்னு ஆரம்பிக்கலாம்."

ஆறு பேரும் போனார்கள், இவர் வெளியே காரில் போய் உட்கார்ந்தார். செயலாளர் என் முன்னாலேயே தன் நகலை முடித்தார். அந்தப் பதினோரு டிஸ்குகளில் இருந்த மூலத்தின்மேல் நானே எழுதினேன்.

"ஏம்மா அதை மட்டும் விட்டீங்க?" என்றார் கடைசியில்.

"அது உங்களோடது சார்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். இரண்டு மணி நேரத்துக்குள் ஆறு போன்கள் வந்துவிட்டன. ஆக ஏழு வீடு முடிந்தது. மிச்சம் இருந்தது என் வீடு.

திரும்பும்போது இவர்தான் காரை ஓட்டினார். வீட்டு வாசலில் நிறுத்திய பிறகுதான் கேட்டார். "என் மெஷினையும் பாத்தியா?"

"இல்ல."

"பொய் சொல்ற."

"முப்பத்து நாலு வருஷமா நடிச்சவதானே, நம்பாதீங்க."

மாடிக்குப் போனோம். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார், கடிதத்தைத் திறந்தார். திரை முழுக்க என் இருபத்து மூன்று வயது. நான் கதவோரமே நின்றேன்.

"இதுல எழுதியிருக்கறதெல்லாம் உண்மையா?" என்றார்.

"உண்மைதான்."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. கோபத்தில் எழுதினேன், சின்ன வயசு, விளையாட்டுக்கு, இப்படி ஏதாவது ஒன்றை நான் எடுத்துக் கொடுப்பேன் என்று காத்திருந்திருக்கிறார். முகம் சுருங்கிப் போனது. எனக்குப் பாவமாகவும் இருந்தது, அப்படிப் பாவமாக இருந்ததே எரிச்சலாகவும் இருந்தது. எத்தனை வருஷம் இந்த முகம் சுருங்கக் கூடாது என்றே பேச்சை அளந்து அளந்து பேசியிருக்கிறேன்.

"அப்ப ஏன் அழிச்ச?"

"உங்களோட இருந்து பாக்கலாம்னு முடிவு பண்ணினேன். அதனால அழிச்சேன். அந்த முடிவுதான் நான். அழிச்சுப்போட்ட லெட்டர் நான் இல்ல, அது குப்பை. நீங்க குப்பையை எடுத்து வச்சுக்கிட்டு, இதுதான் நீயான்னு கேக்கறீங்க."

அவர் கீபோர்டை இழுத்தார். கடிதத்தின்மேல் எழுதச் சொல்லித் தட்டினார். திரையில் எண்கள் ஓடின. நான் பக்கத்தில் போய் நின்று, கடைசி எண் வரும்வரை பார்த்தேன். அவர் நாற்காலியைத் திருப்பினார்.

"போச்சு. எட்டு வீட்லயும் போச்சு. இப்ப சரியா?"

"நீங்க படிச்சது போகலையே."

"அதுக்கு நான் என்னடி பண்ணட்டும்?" நெற்றியைத் தட்டிக் காட்டினார். "தலைக்குள்ள இருக்கறதை எப்படி அழிக்கறது?"

"அழிக்க முடியாது. நான் அதை உள்ள வச்சுக்கிட்டுத்தான் உங்களுக்குச் சமைச்சேன், பிள்ளை பெத்தேன், உங்க ஜோக்குக்கெல்லாம் சிரிச்சேன். ஒரு நாளாவது உங்க முன்னாடி அதை எடுத்துப் போட்டேனா?" நான் கதவுப் பக்கம் நடந்தேன். "இனிமே நீங்க வச்சுக்கிட்டு இருங்க."